மொக்கச்சாமி முதலாளி படம்

படம் வரையிறவங்கள நம்பி ஒரு காரியத்துலயும் எறங்கிராதீங்க. சும்மா சொல்லல, பட்டுட்டுச் சொல்றேன். உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னா நான் நகந்துக்கிறேன். போடிக்கா? நல்லதாப் போச்சு, நானும் போடிதான். சட்டையில என்ன கறைன்னு பாக்குறீங்க, இல்லையா? பெயிண்ட். வெள்ளச் சட்டை, இன்னைக்குத்தான் பிரிச்சுப் போட்டேன். அந்தம்மா வீட்டுல எங்க சாஞ்சாலும் ஒட்டிக்கும். கதவுல சாஞ்சா நீலம், மேசையில கை வச்சா செவப்பு. அந்தம்மான்னா ஜெசிந்தா. திண்டுக்கல்ல படம் வரையிது. பெரிய மேதை. இன்னைக்குக் கொச்சியிலருந்து ஆளுங்க பெட்டியோட வந்து படத்தத் தூக்கிட்டுப் போறாங்கன்னா சும்மாவா? மேதைதான். நான்தான் முட்டாள், விடுங்க.

மொதல்லருந்து சொல்லிர்றேன். ரெண்டு மூணு மணி நேரம் சும்மா உக்காந்து என்ன செய்யப்போறோம்?

எங்களுக்கு ஏலக்காய்க் கமிஷன் கடை. எங்கப்பா மொக்கச்சாமி முதலாளின்னா மலையில எஸ்டேட்டுக்காரன்லருந்து டெல்லி சேட்டு வரைக்கும் தெரியும். வியாபாரிகள் சங்கத்த ஆரம்பிச்சதே அவருதான். மூணு வருசம் முன்ன சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினோம். நான் செயலாளர். ஹால்ல அப்பா படம் பெருசா வைக்கணும்னு தீர்மானம் போட்டோம். போட்டோம்னா நான் போட்டேன், மத்தவங்க கை தூக்கினாங்க.

ஆனா படத்துக்கு எங்க போறது? இருந்தவரைக்கும் அப்பாவுக்குப் போட்டோன்னாலே ஆகாது. லைசென்சுல ஒட்டின ஸ்டாம்பு சைஸ் ஒண்ணு இருக்கு. அப்பறம் ஒரு கூட்டத்துல எடுத்தது, பாதி மூஞ்சிய இன்னொருத்தரோட மாலை மறைச்சுருச்சு. கம்ப்யூட்டர் ஸ்டுடியோவுல குடுத்தேன். அவன் அப்பா தலைய வெட்டி ஒரு கோட்டு போட்ட ஆளு மேல வச்சு, பின்னாடி ரோசாப்பூத் தோட்டமெல்லாம் போட்டுக் குடுத்துட்டான். வீட்டுல கொண்டுபோய்க் காட்டினா, என் சம்சாரம் அன்னமயில் ரெண்டு நிமிசம் பாத்துட்டு, "என்னங்க, மாமா சிரிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு"ன்னுட்டா.

அப்பத்தான் பெரியகுளத்துல ஒருத்தர் சொன்னாரு. அங்க ஒரு கான்வென்ட்டுல எறந்துபோன சிஸ்டர் ஒருத்தங்க படம் மாட்டியிருக்கு, பிள்ளைங்க அந்தப் படத்துக்கு முன்னாடி ஓடுறதுக்கே பயப்படுதுங்க, அப்படி உசிரோட இருக்குன்னு. போய்ப் பாத்தேன். ஐயையோ! புருவத்துல ஒவ்வொரு முடியும் எண்ணலாம். மூக்குக் கண்ணாடியில ஜன்னல் தெரியுது, ஜன்னல்ல கம்பி தெரியுது. இதான் வேணும்னு நேரா திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிட்டேன்.

பழைய பூட்டுப் பட்டறை ஒண்ணு. அதுக்கு மாடியில அந்தம்மா. நாப்பத்தஞ்சு வயசிருக்கும், தலைமுடிய ஒரு பென்சில்ல சுத்திக் குத்தியிருக்கு. வடக்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல். உள்ள டர்பன்டைன் வாடை மூக்கத் தூக்குது. உக்கார எடமில்ல. நாற்காலி மேல துணி, துணி மேல டியூபு, டியூபு மேல பூனை.

"சிஸ்டர் படம் மாதிரி எங்கப்பாவ வரையணும்மா"ன்னேன்.

"அது ஆறு வருசம் முன்ன வரைஞ்சது சார். இப்ப அப்படி வரையிறதில்ல"ன்னுச்சு.

"ஏன், மறந்துபோச்சா?"

சிரிச்சுது. "அதுல எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் இருக்கு. அந்த சிஸ்டர்தான் இல்ல"ன்னுச்சு.

அங்கயே எந்திரிச்சு வந்துருக்கணும் நான். வரல. என் நேரம். பேசிப் பேசி ஒத்துக்க வச்சேன். அப்பாவோட ரெண்டு போட்டோவையும் குடுத்தேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துச்சு. "உடம்பு எப்படி இருப்பாரு?"ன்னுச்சு. "என்ன மாதிரியேதான், உயரம், தோள் எல்லாம் அச்சு"ன்னேன். "அப்ப உடம்புக்கு நீங்க உக்காருங்க, மூஞ்சிய நான் பாத்துக்கிறேன்"ன்னுச்சு. எங்க கடைக்குச் செவ்வாக்கிழமை லீவு. சரி, அப்பாவுக்காக ரெண்டு மூணு செவ்வாய் உக்காந்தாப் போச்சுன்னு ஒத்துக்கிட்டேன்.

பதினோரு மாசம் சார்! பதினோரு மாசம் உக்காந்தேன்.

சினிமாவுல காட்டுற மாதிரி கோட்டு இழுத்ததும் மூஞ்சி வந்துரும்னு நினைக்கிறீங்க, இல்லையா? நானும் அப்படித்தான் நினைச்சேன். மொத வாரம் துணிய இழுத்துக் கட்டி ஆணி அடிச்சுது. ரெண்டாவது வாரம் அதுக்கு வெள்ளை அடிச்சுது. மூணாவது வாரம் அந்த வெள்ளை மேல காவி நெறத்துல தண்ணியாட்டம் பூசுச்சு. அப்பாவ வரையச் சொன்னா இந்தம்மா செவுத்துக்குப் பூச்சு வேலை பாக்குதேன்னு இருந்துச்சு. கேட்டா, "வெள்ளையில ஆரம்பிச்சா எல்லாம் பொய்யாத் தெரியும் சார், இருட்டுலருந்து வெளிச்சத்துக்கு வரணும்"கிது. அப்பறம் கரிக்குச்சி. அப்பறம் மெல்லிசா ஒரு பூச்சு. அது காய ஒரு வாரம். காஞ்சதும் அது மேல இன்னொரு பூச்சு. நடுவுல திடீர்னு படத்துக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, கையில ஒரு மூஞ்சி பாக்குற கண்ணாடிய வச்சு அதுல படத்தப் பாக்கும். "என்னம்மா திரும்பி நின்னு பாக்குற?"ன்னா, "எடம் வலமாத் தெரிஞ்சாத்தான் நம்ம பொய் நமக்குத் தெரியும்"னு சொல்லும். எல்லாத்துக்கும் ஒரு பதிலு இருக்கும் அந்தம்மாகிட்ட.

நான் சும்மா உக்காருவனா? திருத்தம் சொன்னேன். அப்பாவுக்கு எடது கண் எமை கொஞ்சம் தொங்கியிருக்கும். அதத் தூக்கச் சொன்னேன், தூக்குச்சு. நெறம் கொஞ்சம் மட்டு, ஏத்தச் சொன்னேன், ஏத்துச்சு. மோதிரம் போடச் சொன்னேன். அவரு மோதிரமே போட்டதில்ல, ஆனாலும் தலைவர்னா ஒரு மோதிரம் வேணும்ல? போட்டுச்சு. நாலு மாசத்துல வந்துச்சு பாருங்க ஒரு படம்! அப்படியே தெய்வம். சந்தனக் கலர்ல, மீசை முறுக்கி, பளபளன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "முடிஞ்சுதும்மா, இதான் எங்கப்பா, கட்டிக் குடு"ன்னேன்.

அடுத்த செவ்வாய் போறேன், படத்துல மூஞ்சி இல்ல.

ஆமா சார், இல்ல. கரண்டி மாதிரி ஒரு மழுங்கக் கத்தி இருக்கு அந்தம்மாகிட்ட. அத வச்சு மொத்தத்தையும் சொரண்டி, துணிய டர்பன்டைன்ல நனைச்சுத் தொடச்சுருச்சு. லேசா ஒரு புகை மாதிரி மிச்சம் நிக்கிது. எங்கப்பாவ ரெண்டாந்தடவை எரிச்ச மாதிரி இருந்துச்சு. சத்தம் போட்டேன். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? யாரக் கேட்டு அழிச்ச?"

"அது யாருமில்ல சார்"னுச்சு.

"யாருமில்லையா? எங்கப்பாம்மா!"

"அப்பான்னா ஒரு ஆளு இருக்கணும்ல? அதுல ஆளே இல்ல. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, நகைக்கடைக் காலண்டர் மாதிரி. என் கையால அதக் குடுக்க மாட்டேன். வாங்கின அட்வான்சத் திருப்பித் தந்துர்றேன், நீங்க வேற யார்கிட்டயாவது போங்க."

இந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எந்திரிச்சுப் போயிருப்பீங்க. நான் பெருந்தன்மையான ஆளு. பொம்பளப்பிள்ள தெரியாமப் பேசுதுன்னு மறுபடி நாற்காலியில உக்காந்துட்டேன். பெரிய மனசு வேணும் சார் அதுக்கு. அன்னமயிலு கேக்குறா, "செவ்வாக்கிழமைன்னா விடிய முன்ன சவரம் பண்ணிக்கிறீங்க, சட்டை தேச்சு வைக்கச் சொல்றீங்க, அங்க அப்பிடி என்ன?"ன்னு. என்ன இருக்கு? காரியம் ஆகணும்ல, அதான்.

அதுக்கப்பறம்தான் அந்தம்மாவுக்கு வேலையே மாறிப்போச்சு. அதுக்கு முன்ன ஒத்த முடி பிரஷ்ல எமை வரைஞ்ச கையி, இப்ப அகலக் கத்தியில வெண்ணெய் தடவுற மாதிரி தடவுது. தடவும், சொரண்டும், தடவும், சொரண்டும். அப்பா போட்டோ ரெண்டையும் செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சிருச்சு. மத்த படங்களும் அப்படித்தான். நான் மொதல்ல போனப்ப செவுத்துல ஒரு பித்தளச் செம்பு படம் இருந்துச்சு, கைய நீட்டி எடுக்கலாம்போல. ஆடி மாசம் அதே செம்ப மறுபடி வரைஞ்சிருக்கு, பளபளப்பு இல்ல. புரட்டாசியில பாத்தா செம்பு இருந்த எடம் மாத்திரம் இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் போனா வெறும் துணிய மாட்டி வச்சிரும்னு நினைச்சேன். கலை வளருதாம். வளர்றதுன்னா கூடணும், இல்லையா? எங்க தொழில்ல காய் வளந்தா ஆறு மில்லிமீட்டர், ஏழு மில்லி, எட்டு மில்லின்னு பெருக்கும். இந்தம்மாவுக்கு வளர வளரக் கொறையிது.

வரையிறப்ப கேள்வி வேற. அப்பா எப்படிச் சிரிப்பாரு, சாப்புடுறப்ப யார்கூட உக்காருவாரு, கோவம் வந்தா சத்தம் போடுவாரா, பேசாம இருப்பாரா. ஒருநா கேக்குது, "உங்கப்பா உங்களத் தொட்டுப் பேசுவாரா சார்?"

"எங்கப்பா என்ன வெட்டிப்பயலா, தொட்டுத் தொட்டுப் பேச?"ன்னேன்.

வரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சரி, இந்தம்மாவுக்கு அவரு பெருமை தெரியலையேன்னு, நானே ஒரு விசயம் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன், அப்பத்தான் அவரு எப்படிப்பட்ட மனுசர்னு தெரியும்.

எங்க கடையில காய தரம் பிரிச்சுத் தட்டுல வைப்போம். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடிச்சது தனி. நான் பிரிச்சு வச்சா, அப்பா கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. குனிய மாட்டாரு. நின்ன எடத்துலருந்து ஒரே பார்வை. ஆயிரம் காயில ஒரு வெடிச்ச காய் இருந்தாலும் தெரிஞ்சிரும் அவருக்கு. ஒண்ணும் பேச மாட்டாரு. காலால தட்ட ஒரு தள்ளு. காய் பூரா தரையில செதறும். "பொறுக்கு"ம்பாரு. அவ்வளவுதான். ஒரு தடவை டெல்லி சேட்டுங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க, கூலியாளுங்க நிக்கிறாங்க, என் சம்சாரம் சாப்பாடு கொண்டுவந்து வாசல்ல நிக்கிறா. அன்னைக்கும் தள்ளிட்டாரு. எனக்கு அப்ப நாப்பத்தொரு வயசு. மண்டிபோட்டுப் பொறுக்கினேன். கடைசிக் காய் வரைக்கும் நின்னு பாத்துட்டு, "கைய நீட்டு"ன்னாரு. ரெண்டு கையையும் விரிச்சு நீட்டினேன். ஒண்ணையும் பையில போடலன்னு பாத்துட்டுப் போயிட்டாரு. எப்படிப்பட்ட கண்ணு பாருங்க! நாலு சேட்டும் அசந்துட்டாங்க. இன்னைக்கு யாருக்கு இருக்கு அந்தக் கண்ணு?

இதச் சொல்லிட்டுச் சிரிச்சேன். அந்தம்மா கத்திய கீழ வச்சிருச்சு. "இன்னைக்குப் போதும் சார்"னுச்சு. என்ன போதும்? அரை மணி நேரம்கூட ஆகல. கலைஞர்களுக்கு மனசு சரியில்லன்னா அன்னைக்கு லீவுபோல. நம்ம கடையில அப்படி விட்டா வெளங்குமா?

அதுக்கப்பறம் ஒரு மாசம் கை மட்டும் வரைஞ்சுது. நான் எட்டிப் பாத்துட்டுச் சொன்னேன், "எங்கப்பா கை எப்பவும் முதுகுக்குப் பின்னாடிதாம்மா இருக்கும், இப்படி மடியில விரிச்சு வச்சிருக்க மாட்டாரு"ன்னு.

"அப்ப இது யார் கை சார்?"

"என் கை. நீதான இப்படி வச்சுக்கச் சொன்ன?"

"நான் உக்காரத்தான் சொன்னேன். கைய எப்படி வைக்கணும்னு ஒருநாளும் சொல்லல"ன்னுச்சு.

வாய்க்கு வாய் பேச்சு. நான் விட்டுட்டேன்.

கடைசியில முடிஞ்சுதுன்னு போன் பண்ணுச்சு. திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருக்கு, டெம்போ எடுத்துக்கிட்டுப் போனேன். படத்துக்கு மேல துணி போட்டிருக்கு. "ஒரு தடவை பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்"னுச்சு. கீழ டெம்போக்காரன் ஆரன் அடிக்கிறான். "நான் பாக்காத அப்பாவாம்மா? எல்லாரோடயும் சேந்து பாத்துக்கிறேன்"னேன். "இல்ல சார், நீங்க தனியாப் பாக்கணும்"னு வழிய மறிச்சு நின்னுச்சு. காசுக்காக நிக்கிதுன்னு நினைச்சு, குடுக்க வேண்டியதக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

விழா ஜோரா நடந்துச்சு. ஊரே வந்திருந்துச்சு. தேனியிலருந்து ஒரு மில்லு முதலாளியத் தலைமைக்குக் கூப்பிட்டிருந்தோம். மஞ்சப் பட்டுத்துணி, கயிறு, நாதஸ்வரம். நான் மைக்குல அப்பாவப் பத்திப் பத்து நிமிசம் பேசினேன். மில்லு முதலாளி கயித்த இழுத்தாரு.

நாதஸ்வரம் நின்னுபோச்சு.

படத்துல ஒரு ஆளு நாற்காலி நுனியில உக்காந்திருக்கான். உக்காந்திருக்கான்னும் சொல்ல முடியாது, எப்ப எந்திரிக்கச் சொல்வாங்களோன்னு இருக்கான். ரெண்டு கையும் தொடை மேல, உள்ளங்கை வானத்தப் பாக்க விரிஞ்சு கெடக்கு. மூஞ்சிக்கு நாலஞ்சு இழுப்புத்தான், புருவம் இல்ல, மீசை இல்ல. ஆனா கண்ணு மேல பாக்குது. பக்கத்துல யாரோ நிக்கிறாங்க, அவங்களப் பாக்குது. நிக்கிற ஆளக் காணோம். அவரு நெழலு மட்டும் தரையில விழுந்து அவன் பாதத்து வரைக்கும் வந்திருக்கு.

எங்க கடையில ஒச்சுன்னு ஒருத்தர், அப்பா காலத்துலருந்து மூட்டை தூக்கினவரு. எம்பது வயசு. காது கேக்காது, அதனால அவரு மெதுவாப் பேசினாலே ஹால் பூரா கேக்கும். அவரு எந்திரிச்சு நின்னு சொல்றாரு, "அட, நம்ம சின்ன மொதலாளி! பெரியவர் முன்னாடி அப்படியேதான் உக்காந்திருப்பாரு!"

ஒருத்தரும் சிரிக்கல சார். சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. தேனிக்காரர் மட்டும் விவரம் தெரியாம, "பிரமாதம், அப்படியே தத்ரூபமா இருக்கு"ன்னு என் மூஞ்சியப் பாத்துக் கை தட்டினாரு. அன்னமயிலப் பாத்தேன். அவ படத்தப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கா. மாமனார் நெனப்பு வந்திருச்சுபோல, பாவம்.

சாயங்காலமே கமிட்டி கூடி, அத எறக்கிட்டு அந்தக் கோட்டுப் படத்த மாட்டிட்டாங்க. ரோசாப்பூ நடுவுல அப்பா சிரிச்சுக்கிட்டு இருக்காரு இப்ப.

நான் விட்டனா? மறுநாள் காலையில அதே டெம்போவுல படத்த ஏத்திக்கிட்டுத் திண்டுக்கல். மாடிப்படியில தூக்கிட்டுப் போய் அந்தம்மா முன்னாடி வச்சேன். "உன்ன நான் என்ன கேட்டேன்? நீ என்ன பண்ணி வச்சிருக்க? ஊர் முன்னாடி என்ன..." அப்படின்னு ஆரம்பிச்சேன், மேல பேச்சு வரல. மாடி ஏறினதுல மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல.

அந்தம்மா ஒரு சொம்பு தண்ணி குடுத்துச்சு. "உங்கப்பாவ நான் பாத்ததில்ல சார். பதினோரு மாசம் நீங்க அவரப் பத்திச் சொன்னீங்க. சொன்ன ஒவ்வொண்ணுலயும் நீங்கதான் இருந்தீங்க, அவரு பக்கத்துல நின்னாரு. நான் பாத்ததத்தான் வரைய முடியும். தனியாப் பாருங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன்"னுச்சு.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இத அழிச்சிரு."

"உங்க படம். நீங்களே அழிங்க"ன்னு அந்த மழுங்கக் கத்திய என் கையில குடுத்துருச்சு. துணிய நனைச்சுப் பக்கத்துல வச்சுது. "பெயிண்ட் இன்னும் முழுசாக் காயல. சொரண்டினா வந்துரும்"னு சொல்லிட்டு டீ போடப் போயிருச்சு.

கத்திய வச்சுக்கிட்டு அந்த மூஞ்சி முன்னாடி நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. டீ ஆறிப்போச்சு. நல்ல துணி சார், எதுக்கு வீணாக்கணும்னு தோணுச்சு. கத்தியக் கீழ வச்சுட்டு, "வேற படத்துக்கு ஆகும், வச்சுக்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சிக்கனம்தான். வேற என்ன?

அதோட விட்டுச்சா? அந்தப் படத்தால எனக்குத் தொழிலும் கெட்டுப்போச்சு. என் மக சுபாஷினிதான் இப்ப கடையில எனக்கு ஒத்தாசை. எம்.பி.ஏ. படிச்சிட்டு வந்து கம்ப்யூட்டர் ஏலமெல்லாம் அவதான் பாக்குறா. கெட்டிக்காரி, ஆனா தரம் பிரிக்கிறதுல கவனம் பத்தாது. மூணு வாரம் கழிச்சு ஒருநா எட்டு மில்லித் தட்டுல ஏழு மில்லி கலந்து வச்சிருக்கா. வெளியூர் ஆளுங்க உக்காந்திருக்காங்க. நான் பக்கத்துல போய் நின்னேன். வழக்கம்போல காலு தன்னால எந்திரிச்சுருச்சு. அவ தரையில உக்காந்திருக்கா. தட்ட விட்டுட்டு, ரெண்டு கையையும் விரிச்சு மடியில வச்சுக்கிட்டு, என்ன நிமிந்து பாத்தா.

காலு நின்னுபோச்சு சார். முட்டி வலி. வயசாகுதுல்ல. தட்டத் தள்ள முடியல. அவ பக்கத்துல உக்கார வேண்டியதாப் போச்சு. உக்காந்தது உக்காந்தாச்சு, சும்மா இருப்பானேன்னு நானும் கூடப் பிரிச்சேன். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பிரிச்சோம். "என்னப்பா, திட்டலையா?"ன்னா. "முட்டி வலிக்குதும்மா"ன்னேன். அன்னையிலருந்து அந்த முட்டி சரியாகவே இல்ல. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லங்கிறான் டாக்டர். அவனுக்கு என்ன தெரியும்?

வத்தலக்குண்டு தாண்டிட்டோமா? டீக்கு நிப்பாட்டவே இல்ல பாருங்க.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். போன வாரம் அந்தம்மா போன் பண்ணுச்சு. கொச்சியில ஒரு பெரிய படக்கூடத்துல இருந்து வந்து பாத்துட்டு இந்தப் படத்தக் கேக்குறாங்களாம், அங்க நிரந்தரமா மாட்டுவாங்களாம். "உங்களுக்குச் சம்மதம்னாத்தான் குடுப்பேன்"னுச்சு. "எனக்கென்னம்மா, எங்கயோ போகட்டும், சனியன் தொலைஞ்சாச் சரி"ன்னேன். சொல்லிட்டு இன்னைக்கு மொத பஸ்சப் புடிச்சுட்டேன். ஒழுங்கா பேக் பண்றாங்களான்னு யாராச்சும் பாக்கணும்ல? நமக்குத்தான் சரக்கு அனுப்பி அனுப்பிப் பழக்கம்.

நல்லவேளை போனேன். மூலையில பஞ்சு வைக்காமப் பெட்டியில எறக்கப் பாத்தானுங்க. நான்தான் நின்னு வைக்கச் சொன்னேன். அப்ப எங்கயோ சாஞ்சு ஒட்டினதுதான் இந்தக் கறை. மூடுறதுக்கு முன்ன அவனுங்கள்ல ஒருத்தன் ஒரு தாள நீட்டி, "படத்துக்குப் பேரு என்ன?"ன்னான். அந்தம்மா என்னப் பாத்துச்சு. "சார், நான் பேரு வைக்கல. நீங்க சொல்லுங்க. உங்கப்பா பேர எழுதணும்னாலும் எழுதிரலாம்"னுச்சு.

யோசிச்சுப் பாருங்க. எங்கப்பா பேர அதுல எப்படி எழுதுறது? நாளைக்குக் கொச்சியில யாராச்சும் பாத்துட்டு, மொக்கச்சாமி முதலாளி இப்படித்தான் நடுங்கிக்கிட்டு உக்காந்திருப்பார்னு நினைச்சா அவரு மானம் என்ன ஆகும்? அவரக் காப்பாத்த வேற வழியே இல்ல. "என் பேர எழுதுங்க"ன்னேன்.

அந்தப் பையன் எழுதிட்டு வாசிக்கிறான், "சுந்தரபாண்டி."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சுந்தரபாண்டி இல்லடா, சௌந்திரபாண்டி"ன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான சார்?"ங்கிறான். எப்படி ஒண்ணாகும்? அந்தத் தாளக் கிழிச்சுப் போடச் சொல்லி, புதுத் தாள் வாங்கி, ஒவ்வொரு எழுத்தா நானே சொல்லி எழுத வச்சேன். எழுதினதத் திருப்பி ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிச்சு. "போடியில மட்டும் நாலு சுந்தரபாண்டி இருக்கானுங்க. அவனுங்க எவனும் இந்தப் படத்துல இல்லப்பா"ன்னு சொல்லி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்.